புலி குடித்த மிச்சம்

நமது கரிசல் சீமையில் 'காடு' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் வழங்குகிறது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே உள்ள ஏதாவது ஒரு கிராமத்தில் ஒரு சிறுவனை நிறுத்தி, "உன் தகப்பனார் எங்கே, தம்பி?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்று பதில் சொல்வான். உடனே, வில்லும் அம்புமாக ஒரு மனிதர் மரக்கிளைகளை விலக்கிக்கொண்டு நடப்பதாக வெளியூர் அன்பர்கள் மனக்கண்ணில் கண்டால், அதற்கு அந்தப் பையன் ஜவாப்தாரி அல்ல. மழையை நம்பி விதைக்கும் மானாவாரிப் புஞ்சைக்குத்தான் இங்கே காடு என்று பெயர். பருத்திக் காடு, சோளக் காடு, மல்லிக் காடு என்றெல்லாம் சொல்வது வழக்கம். மரம் என்று அதில் இருப்பது பெரும்பாலும் ஓர் ஒற்றை வேம்பு. அதன் கிளையில் ஒரு தூக்குவாளி தொங்கும்.

இத்தகைய சீமையிலே பிறந்து வளர்ந்த ஐந்து பேர், நிஜமான காட்டையும் அதில் வசிக்கும் பிராணிகளையும் கண்ணால் காண வேண்டுமென்று சென்ற தை மாதத்தில் ஒரு யாத்திரை புறப்பட்டோம். கோஷ்டியில் இருந்தவர்களை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது அவசியம். ஒருவர் நமது பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். மற்றொருவர் அருப்புக்கோட்டை நூல் வியாபாரி. மௌனம் என்பது எப்படி இருக்கும் என்று அறியாதவர். மூன்றாமவர் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். தூரதரிசனக் கண்ணாடி ஒன்றுக்குச் சொந்தக்காரர். நான்காமவர் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. கரிசலில் விவசாயியைச் சம்சாரி என்று சொல்வதுதான் மரியாதை. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைப்போம்.

அண்ணாச்சியைக் கிளப்புவது எளிதாக இருக்கவில்லை.

"வாத்தியாரையா! பன்றி பார்க்க வேண்டுமானால் ராத்திரி எங்கள் காட்டுக்கு வாருங்கள். கடலைக் கொடியை அது உழுது போட்டிருக்கிற அழகை விடிந்ததும் பார்க்கலாம். மயில் பார்க்க வேண்டுமானால் விதைத்த மறுநாள் வாருங்கள். டிக்கெட்டுக் கிடையாது. இதற்காக மெனக்கெட்டு மலைக்குப் போவானேன்?" என்றார்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. திருச்சுழிப் பக்கத்தில் மக்காச்சோளமும் கடலையும் போட்டவர்கள், காட்டுப் பன்றிக்குப் பயந்து இராக் காவல் இருக்கும் சிரமத்தை நாம் நேரில் அறிவோம். வனப் பகுதியின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையார் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததென்றால், தொல்லை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்! ஆகவே, "வனவிலங்கு" என்ற வார்த்தையைக் கேட்டதும் நகரவாசி முகத்திலே மலர்ச்சியும் சம்சாரி முகத்திலே சுளிப்பும் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"பன்றியைப் பார்க்க வேண்டாம், அண்ணாச்சி. பன்றிக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் வசிக்கும் இடத்தைப் பார்த்து வருவோம்" என்றோம். இந்த வாதத்துக்கு அவர் இணங்கினார்.

விடிவதற்கு வெகு நேரம் முன்னால் திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டோம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. திருமேனிநாதர் கோயில் கொண்டிருக்கும் பழம்பதி. கோபுரத்துக்கு அருகே ஆறு என்ற பெயருடன் ஒரு மணல் பரப்புக் கிடந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு வரையில் அதில் கொஞ்சம் தண்ணீர் கசிந்ததாகச் சொன்னார்கள். இப்போது அதன் இரு கரையிலும் சீமைக் கருவேல மரங்கள் மண்டி நின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரம், நமது சீமையின் வறட்சியை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டு குடியேறிவிட்டது. விறகும் கரியும் கொடுத்து எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண்மாயையும் ஓடையையும் அடைத்துக்கொண்டு, பன்றிக்கு முதல்தரமான குடியிருப்பாக நிற்பதும் அதுவேதான்.

அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி என்று மேற்கே போகப் போக, தொடுவானத்தில் நீலக் கோடு ஒன்று எழும்பி வந்தது. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை.

சிவகாசி என்றதும் வெடியும் தீப்பெட்டியும் நினைவுக்கு வருவது சகஜம். நமக்கு அங்கே ஓர் ஆசிரியர் நினைவு வந்தது. அவ்வூர் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் போதித்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். திருநெல்வேலிச் சீமையிலே பிறந்தவர். 1970-களில் பந்திப்பூர்க் காட்டுக்குப் போய், செந்நாய்க் கூட்டங்களைக் கால்நடையாகவே பின்தொடர்ந்து, அவை எப்படி வேட்டையாடுகின்றன, என்ன தின்கின்றன என்றெல்லாம் எழுதி வைத்தார். பெரிய மிருகங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் அதற்கு அயல்நாட்டிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்ற எண்ணம் நிலவிய காலம் அது. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் நம்மவராலும் முடியும் என்று அவர் காட்டினார். பிற்பாடு இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்து, எத்தனையோ மாணவர்களை உருவாக்கி, 2024 ஜூனில் காலமானார். வாத்தியார் உத்தியோகத்தைப் பற்றி நமக்கே சலிப்பு ஏற்படும் சமயங்களில் இவரைப் போன்றவர்களை நினைத்துக்கொள்வது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. நூல் வியாபாரிக்கு இது முதல் ஏமாற்றம். அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. பேச்சியம்மன் கோயிலும், உள்ளே மலைப்பக்கம் காட்டழகர் கோயிலும் உள்ள இடம் என்பதால், பக்தர்களுக்கு இது பழக்கமான வழி. வனத்துறையாரிடம் முன்னதாகவே அனுமதி பெற்றிருந்தோம். வழிகாட்டியாக வந்தவர் அவ்விடத்திலேயே வசிக்கும் பளியர் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். தேன், கிழங்கு, மரம், மிருகம் எல்லாவற்றையும் பரம்பரையாக அறிந்தவர்.

பெரியவர் முதலில் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தபால்காரரின் சட்டை வெள்ளை வெளேர் என்று இருந்தது. நூல் வியாபாரி ஜவ்வாது பூசிக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா! இந்த வாசனைக்கு யானையே வழி விட்டுவிடும். பேச்சை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தபால்காரருக்கு ஒரு பழுப்புத் துண்டைப் போர்த்திவிட்டோம். நூல் வியாபாரி வாயில் ஒரு கிராம்பைப் போட்டு அடக்கிக்கொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.

காட்டிலே மிருகம் பார்ப்பது என்பது சர்க்கஸ் பார்ப்பது போன்றதல்ல. கூடாரத்துக்குள் நுழைந்ததும் புலி வந்து நிற்காது. முதல் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தென்பட்டது இலை, இலை, மேலும் இலை. ஆனால் பெரியவர் கண்ணுக்கோ அதே இடம் ஒரு தினசரிப் பத்திரிகை போல இருந்தது. இங்கே கரடி புற்றைக் கிளறியிருக்கிறது. இந்த மரப்பட்டையில் மிளா கொம்பைத் தேய்த்திருக்கிறது. இந்தப் பழம் நேற்று விழுந்தது, பாதி தின்றது குரங்கு, மீதி தின்றது முள்ளம்பன்றி. படிக்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான் என்பது அரை மணியில் விளங்கிவிட்டது.

ஓடைக் கரையில் ஒரு பிரம்மாண்டமான புளிய மரம். பெரியவர் கையைத் தூக்கினார், நின்றோம். உச்சிக் கிளையில் ஏதோ அசைந்தது. முதலில் வால்தான் தெரிந்தது. சாம்பல் பூசின சாமரம் போன்ற வால்! பிறகு இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. முன்னங்கால்களால் ஒரு புளியங்காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. அதுதான் நரை அணில். எந்தப் பிராணிக்காக இந்தக் காடு 1988-ல் சரணாலயமாயிற்றோ, அந்தப் பிராணி.

நமது வீட்டு முற்றத்து அணிலை நினைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யக் கூடாது. மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் முக்கால் மீட்டர் இருக்கும். எடை ஒரு கிலோவுக்கு மேல். முதுகில் கோடு கிடையாது. இராமபிரான் தடவிக்கொடுத்த கிளையைச் சேர்ந்தது அல்ல போலும்! முதுகு பழுப்பும் சாம்பலுமாய், மயிர் நுனியெல்லாம் நரைத்து இருப்பதால் அந்தப் பெயர். உலகத்திலே இது வசிப்பது இலங்கையிலும் தென்னிந்தியாவில் சிற்சில மலையடிவாரங்களிலும் மட்டுமே.

தமிழாசிரியர் மெள்ள நமது காதருகே வந்து, "முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு லகர ளகர பேதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இன்றைக்குத்தான் உதாரணம் கிடைத்தது. புலியைப் பார்க்க வந்தோம், புளியைப் பார்த்தோம்" என்றார். நூல் வியாபாரி சிரிப்பை அடக்க முடியாமல் கிராம்பை விழுங்கிவிட்டார். அணில் புளியங்காயைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. அதிலிருந்து அதற்கடுத்த மருத மரத்துக்கு. கிளை விட்டுக் கிளை, மரம் விட்டு மரம்; ஒரு தரமாவது மண்ணில் கால் வைக்கவில்லை.

"அது கீழே இறங்காதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எதற்கு இறங்க வேண்டும், ஐயா? மேலேயே ரஸ்தா இருக்கிறதே!" என்றார் பெரியவர். பிறகு கூட்டைக் காட்டினார். இரண்டு மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து, சுள்ளியும் இலையும் கொண்டு அது கூடு கட்டியிருந்தது. மேலேயிருந்து கழுகு வந்தாலும், ஒரு பக்கத்துக் கிளையில் வேறு பகைவன் ஏறி வந்தாலும், மறு பக்கத்து மரத்துக்குத் தாவி ஓடிவிடலாம். ஒரே அணிலுக்கு இப்படிப் பல கூடுகள் உண்டாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் விளங்குகிறது. அந்த அணிலுக்கு வேண்டியது மரங்கள் மட்டுமல்ல, மரங்களின் தொடர்ச்சி. நூறு மரங்கள் தனித்தனியே நின்றால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. வரிசையில் நடுவே நாலு மரத்தை வெட்டிவிட்டால், அப்புறத்துக் குடும்பமும் இப்புறத்துக் குடும்பமும் இரண்டு தனித் தீவுகளாகிவிடும். பெண் கொடுப்பது, பெண் எடுப்பது எல்லாம் நின்றுபோகும். இறங்கி நடந்தால் நாய்க்கோ வண்டிச் சக்கரத்துக்கோ இரையாக வேண்டியதுதான்.

"கண்மாய் மாதிரி என்று சொல்லுங்கள்" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"எங்கள் ஊர்க் கண்மாய் தனியாகவா நிறைகிறது? மேலூர்க் கண்மாய் நிறைந்து, கலுங்கு தாண்டி, வரத்துக்கால் வழியாக வந்தால்தானே எங்களுக்கு? நடுவிலே ஒருத்தன் வரத்துக்காலை மேவி வீடு கட்டினான் என்றால், கீழே ஏழு ஊருக்கும் மண்தான்" என்றார்.

பட்டப்படிப்புப் படித்த நாம் சொல்ல நினைத்து வார்த்தை தேடிக்கொண்டிருந்ததை, சம்சாரி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

மேலே நடந்தோம். மரக்கிளைகளில் கருமந்திகள் சில கனைத்துவிட்டு மறைந்தன. ஓடையில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தது. மற்றப் பகுதி வெறும் மணல். அந்த மணலில் வட்டமாக ஒரு குழி. குழியில் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் யானை இலத்தி.

"இது யானை தோண்டின ஊற்று. அது குடித்துவிட்டுப் போன பிறகு மிளா வரும், பன்றி வரும், பறவை வரும்" என்றார் பெரியவர்.

எங்களுக்கு மெய் சிலிர்த்தது. கோடையில் குண்டாற்று மணலிலே நமது தாய்மார்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிய காட்சியைக் காணாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. மணலுக்கு அடியில் நீர் இருக்கிறது என்னும் சாஸ்திரத்தை யானையும் அறிந்திருக்கிறது. இலத்தியைக் கிளறிப் பார்த்தபோது செரிக்காத விதைகள் இருந்தன. ஓரிடத்தில் தின்று, பல கிலோமீட்டர் தள்ளி வேறோர் இடத்தில், எருவும் சேர்த்து விதைத்துவிட்டுப் போகிறது. வனத்துறையில் சம்பளம் வாங்காத நடவு ஆள் அது.

மாலையில் அந்த ஊற்றுக்கு எதிரே பாறை மறைவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நூல் வியாபாரி பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம். வெயில் தணிந்ததும் புதர் விலகியது. ஒரு பெண் மிளா வந்து நின்றது. காதுகளை முன்னும் பின்னும் திருப்பியது. காலைத் தூக்கி, வைக்காமல் நிறுத்தி, பிறகு வைத்தது. பத்து அடி நடப்பதற்கு அது பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. குனிந்து தண்ணீர் குடித்த நேரமோ ஒரு நிமிஷம் இருக்கலாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்கும் தண்ணீர் அது. பிறகு எதையோ மோந்தது போல் தலையை நிமிர்த்தி, ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

புலியை நாங்கள் பார்க்கவில்லை. நேயர்கள் ஏமாற்றம் அடைய வேண்டாம். அங்கேயே வசிக்கும் பெரியவரும் விரல் விட்டு எண்ணும்படியான தடவைகள்தான் பார்த்திருக்கிறாராம். ஆனால் புலி இருக்கிறது என்பதற்கு அந்த மிளாவின் பயமே சாட்சி. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 76 புலிகளே இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2022-ல் அது 306 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேற்கே உள்ள மேகமலையையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். தேசத்தில் 51-ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது.

அண்ணாச்சியின் பன்றி வழக்குக்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைத்தது. இந்தக் காட்டிலும் பன்றி உண்டு. ஆனால் புலி, சிறுத்தை, செந்நாய் என்று மூன்று இலாகாக்கள் அதன் கணக்கைத் தணிக்கை செய்கின்றன. நமது கரிசலிலோ தணிக்கை அதிகாரிகளில் ஒருவரும் இல்லை. ஒளிந்துகொள்ளச் சீமைக் கருவேல் மட்டும் தாராளமாக இருக்கிறது. கணக்கு எப்படி நேராகும்?

திரும்பும்போது அண்ணாச்சி ஓடையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டார்.

உண்மையில் இந்தக் கட்டுரைக்கு உயிர்நாடியான கேள்வி அதுதான். செண்பகத்தோப்பு ஓடைகள் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை; சாத்தூர் வழியாகக் கிழக்கே போகிற ஆறு அது. இதே மலைத்தொடரில் சற்று வடக்கே, சாப்டூர், வருஷநாட்டுப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளில் தலையெடுப்பது நமது குண்டாறு. திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று நடந்து கடலுக்குப் போக வேண்டியது. மலையின் மறுபுறத்திலே, மேகமலை, வருஷநாட்டுக் காடுகளில் பிறப்பது வைகை. ஆக, ஒரே காட்டின் மடியிலிருந்து மூன்று ஆறுகள்.

அருப்புக்கோட்டை இல்லத்தரசிகளைக் கேட்டால் குழாய்த் தண்ணீரின் சரித்திரத்தை அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது, எந்த வருஷம் எத்தனை குடம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் குழாய்க்கு வருவது வைகைத் தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீரும். வைகையின் பிறப்பிடம் இப்போது சொன்ன புலிகள் காப்பகம். தாமிரபரணியின் பிறப்பிடமான பொதிகை மலைப் பகுதியோ களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆகவே, ஒரு மரம்கூடக் காணாத கரிசல் ஊரில், அடுப்பங்கரையில் நாம் மொண்டு குடிக்கும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் புலி குடித்த மிச்சம்தான்!

காடு இருந்தால் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று நூல் வியாபாரி கேட்டார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருக்கும். இங்கே தபால்காரரின் தலை இருந்தது. வழுக்கைத் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் மறு கணமே வழிந்து தோளுக்கு வந்துவிடும். அடர்ந்த கூந்தலில் ஊற்றினால் அரை மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். மலையும் அப்படியே. மரக் கவிகை மழைத் துளியின் வேகத்தை அடக்குகிறது. உதிர்ந்த சருகு அதைப் பஞ்சு போல் உறிஞ்சுகிறது. வேர்கள் போட்ட துளைகளின் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து, ஓடையாக வெளிப்படுகிறது. மொட்டை மலையில் பெய்யும் மழையோ ஒரே நாளில் வெள்ளமாய் ஓடி, போகிற வழியில் மண்ணையும் அரித்துக்கொண்டுபோய்க் கண்மாயை மேடாக்கிவிடும். நமது மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட சீமைக்கு, மழையை மெதுவாகச் செலவழிக்கிற கஜானா ஒன்று மேற்கே இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

2021 பிப்ரவரி மாதத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, மேலே சொன்ன புலிகள் காப்பக அறிவிப்பு. மற்றொன்று, காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் காவிரி வெள்ளத்தை நமது குண்டாறு வரையில் கொண்டுவரும் ஏற்பாடு. இரண்டாவது செய்திக்கு நமது ஊர்க் கடைவீதியில் ஏகப்பட்ட உற்சாகம். அது நியாயமே. கால்வாய் வரட்டும்; வந்தால் வணங்கி வரவேற்போம். ஆனால் முதல் செய்தியும் தண்ணீர்ச் செய்திதான் என்பதைக் கடைவீதியில் யாரும் பிரஸ்தாபித்ததாக நமக்கு நினைவில்லை. நமது கண்மாய்ச் சங்கிலியில் முதல் கண்மாய் அந்தக் காடு. முதல் கண்மாய் உடைந்த பிறகு கடைமடையில் நின்று கொண்டு வானத்தைப் பார்ப்பதில் என்ன லாபம்?

இந்த முதல் கண்மாயைக் காப்பதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். யானை இறங்கினால் தென்னையும் மாவும் இழப்பவர் அடிவாரத்துத் தோட்டக்காரர். தேனுக்கும் கிழங்குக்கும் போகக் கூடாத எல்லைகள் ஏற்பட்டால் வயிறு காய்பவர் பளியர். தண்ணீர் குடிப்பவர்களோ நாம். நஷ்டஈடு காலத்தில் கிடைக்க வேண்டும், காட்டை அறிந்த குடிகளுக்குக் காட்டுக் காவலிலேயே ஜீவனம் கிடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய முதல் குரல், கீழேயிருந்து குடிக்கும் நமது குரலாக இருப்பதே நியாயம்.

போய்ப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் உத்தமம். மாசி பிற்பாதியிலிருந்து சருகு காய்ந்து தீப் பிடிக்கும் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி மாண்டதை மறக்கக் கூடாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. அனுமதியின்றி நுழைய வேண்டாம். நெருப்புப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குரங்குக்குத் தின்பண்டம் போடுவது தர்மம் அல்ல. அதைத் திருடனாகப் பழக்கும் கைங்கரியம். கொண்டுபோன பை, பாட்டில் எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். புலி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஓடையில் காலை நனைக்கச் சொல்லி, "வீட்டுக் குழாய் இந்த மாதிரி ஒரு மலையிலேதான் ஆரம்பிக்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள்.

அண்ணாச்சி ஊர் திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. அவருடைய கண்மாய்க்கு வரும் வரத்துக்காலில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் அதை வெட்டிச் சுத்தம் செய்வதென்று ஊர்க் கூட்டத்தில் பேசித் தீர்மானம் ஆகியிருக்கிறது. கரையில் மருதும் வேம்பும் நடப்போகிறார்களாம். கன்றுகளை இடைவெளி விடாமல் வரிசையாக நட வேண்டும் என்று அவர் பிடிவாதமாய்ச் சொல்கிறார். காரணம் கேட்டவர்களிடம், "வாத்தியாரையாவைக் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். இதுவரை பதினொரு பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள்.